சாலமாண்டரைக் காட்டில் பிடிப்பதா, கடையில் வாங்குவதா, பார்த்துவிட்டு வருவதா?

பல்லிபோல வாலுள்ள, தவளையின் உறவான சாலமாண்டரை வளர்க்க ஆசைப்படுகிற எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் இந்த யோசனை வரும்: காட்டிலேயே இருக்கிறதே, ஒன்றைப் பிடித்து வந்தால் என்ன? "கூடவே கூடாது" என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிடலாம். பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அது முழு உண்மை இல்லை. சில இனங்களை, சில இடங்களில், முறையாக உரிமம் எடுத்துக்கொண்டு பிடிப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. இன்னொரு பக்கம், கடையில் ரசீதோடு வாங்கிய விலங்கு காட்டுக்கு அதைவிடப் பெரிய கேட்டைச் செய்திருக்கலாம்.

கையில் இருக்கும் வழிகள் ஐந்து. வளர்ந்த விலங்கை நாமே பிடிப்பது, முட்டையோ லார்வாவோ (முட்டையிலிருந்து வரும் இளம் பருவம்) எடுத்து வந்து வளர்ப்பது, காட்டில் பிடிக்கப்பட்டதைக் கடையில் வாங்குவது, வளர்ப்பில் பிறந்ததை வாங்குவது, எதையும் எடுக்காமல் அங்கேயே பார்த்துவிட்டு வருவது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூன்றாவதுதான் இவற்றில் மோசம். நாமே ஒன்றைச் சட்டப்படி பிடிப்பதைவிடவும் மோசம். ஐந்திலும் சேராத, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் ஒரு காரியம் மூன்றாவதையும் மிஞ்சும். வளர்த்ததைத் திரும்பக் காட்டில் விடுவதைச் சொல்கிறேன்.

சட்டம் எங்கே நிற்கிறது

"சாலமாண்டர் பிடிப்பது சட்டவிரோதமா?" என்று பொதுவாகக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்த இனம், யாருடைய நிலம், எத்தனை, எதற்காக, பிடித்த பிறகு எங்கே போகிறது என்று ஐந்தாறு கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும்.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். (நியூட் என்று வருவதெல்லாம் சாலமாண்டரில் ஒரு வகை.) அங்கே பெரிய கொண்டை நியூட்டைப் பிடிப்பதும், தொந்தரவு செய்வதும், அது இனப்பெருக்கம் செய்யும் குளத்தைக் கெடுப்பதும் குற்றம். அதே குளத்தில் இருக்கும் சாதா நியூட்டுக்கு 1981-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் தரும் பாதுகாப்பு, அதை விற்கக் கூடாது என்பது மட்டும்தான். சரி, சாதா நியூட் என்றால் எங்கும் பிடிக்கலாம் போல என்று நினைத்து வட அயர்லாந்துக்குப் போனால், அங்கே அதைப் பிடிப்பதே குற்றம். விலங்கு ஒன்றுதான், நடுவில் இருப்பது கொஞ்சம் கடல், சட்டம் தலைகீழ்.

அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. சில மாநிலங்களில் மீன்பிடி உரிமமே இருவாழ்விகளுக்கும் சேர்த்து வேண்டியிருக்கிறது. ஓர் ஆள் எத்தனை வைத்திருக்கலாம் என்ற வரம்பும் உண்டு. தேசியப் பூங்காக்களுக்குள் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. சுமார் 30 சாலமாண்டர் இனங்கள் வாழும் கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவில் ஒன்றையும் எடுத்துப்போக முடியாது. இதற்கு மேல் 1900-இல் வந்த லேசி சட்டம் இருக்கிறது. ஒரு மாநிலத்தின் விதியை மீறிப் பிடித்ததை எல்லை தாண்டி எடுத்துப்போனால், விவகாரம் அந்த மாநிலத்தோடு நிற்காமல் மத்திய அரசின் குற்றமாகிவிடும். இந்தியாவில் கிழக்கு இமயமலையில் வாழும் சாலமாண்டருக்கு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பு இருக்கிறது. அதை ஆசைக்காகப் பிடிக்கலாமா என்ற கேள்விக்கே இடமில்லை.

பிறகு, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை. சீனா, ஜப்பான் நாடுகளின் ராட்சத சாலமாண்டர்கள் அதன் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கின்றன. ஈரானின் ஜாக்ரோஸ் மலையில் மட்டும் வாழும் கைசர் நியூட் 2010-இல் அங்கே சேர்ந்தது. ஆசியாவின் முதலை நியூட்டுகளும் மருவுடல் நியூட்டுகளும் 2019-இல் இரண்டாம் பட்டியலுக்கு வந்தன. இதில் பலர் தடுமாறுகிறார்கள். சைட்டீஸ் பார்ப்பது நாடு விட்டு நாடு போகும் வணிகத்தை மட்டுமே. பட்டியலில் இல்லாத இனத்தை இஷ்டத்துக்குப் பிடிக்கலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. உள்ளூர்ச் சட்டம் தனியாக நிற்கிறது.

ஆகவே பிடிக்க நினைப்பவர் முதலில் இனத்தைச் சரியாக அடையாளம் காணத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் ஒரே ஓடைக் கரையில் ஒன்றைப்போலவே இருக்கும் மூன்று நான்கு இனங்கள் வாழலாம். "இது சாதாரண இனம் என்று நினைத்தேன்" என்பது அதிகாரியிடம் எடுபடும் சமாதானம் இல்லை. அடையாளம் காண முடியாதவருக்குச் சட்டம் என்ன அனுமதிக்கிறது என்ற ஆராய்ச்சியே தேவையில்லை. அவர் பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

"ஒன்றே ஒன்றுதானே"

வளர்ந்த விலங்கைப் பிடிப்பவர்கள் எல்லாரும் சொல்லும் வாதம் இது. இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் சில இனங்களில் இது உண்மை. அமெரிக்காவின் ஹப்பர்ட் புரூக் காட்டில் நடந்து 1975-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அங்கிருந்த சாலமாண்டர்களின் மொத்த எடை, கூடு கட்டும் காலத்தில் அங்கிருந்த பறவைகளின் மொத்த எடையைவிட அதிகமாக இருந்தது. அந்த எடையில் பெரும்பங்கு விரல் நீளமே உள்ள செம்முதுகு சாலமாண்டருடையது. அப்படிப்பட்ட காட்டில் ஒன்று குறைந்தால் காடு கவனிக்காது.

ஆனால் ஒன்று என்பதன் எடை இனத்துக்கு இனம் வேறு. ஐரோப்பிய மலைகளின் உயரத்தில் வாழும் கறுப்பு ஆல்ப்ஸ் சாலமாண்டர் முட்டையிடுவதில்லை. இரண்டு மூன்று வருடம் சுமந்து, வழக்கமாக இரண்டே குட்டி ஈனும். யானையே அதைவிடச் சீக்கிரம் ஈன்றுவிடுகிறது! அதில் ஒரு பெண்ணை எடுப்பதும் ஒரே பருவத்தில் நூற்றுக்கு மேல் முட்டையிடும் புள்ளிச் சாலமாண்டரில் ஒன்றை எடுப்பதும் சமமில்லை. எண்ணிக்கையில் குறைவில்லாத செம்முதுகு சாலமாண்டரே ஒரு டஜனுக்குக் குறைவாகத்தான் முட்டையிடுகிறது, அதைத் தாய் வாரக்கணக்கில் சுற்றிப் படுத்துக் காக்கிறது. கட்டையைப் புரட்டி அந்தத் தாயை எடுத்தால் முட்டைகளும் போயின.

இன்னொரு விஷயம், நம் கைக்கு எது எளிதாகக் கிடைக்கிறது என்பது. குளத்தில் இனப்பெருக்கம் செய்யும் இனங்கள் வருடத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள் கிடக்கும், தேடினாலும் அகப்படாது. குளிர்காலம் முடியும்போது மழை பெய்யும் சில இரவுகளில் மட்டும் கூட்டமாக வெளியே வந்து, தாங்கள் பிறந்த அதே குளத்துக்குப் போகும். அன்றைக்குப் போகிறவருக்கு எல்லாமே கையெட்டும் தூரத்தில். அவர் எடுப்பது முட்டை நிலை, லார்வா நிலை, குட்டிப் பருவம் என்று பல ஆபத்துகளைத் தாண்டி, இனப்பெருக்கத்துக்குத் தயாராகி வந்து நிற்கும் பெரியவற்றை. புள்ளிச் சாலமாண்டர் 20 வருடத்துக்கு மேல் வாழக்கூடியது. எடுத்துப்போனால் இன்னும் எத்தனையோ வருட முட்டைகளையும் சேர்த்து எடுத்துப்போகிறோம். குளமும் இரகசியமானது இல்லை. எனக்குத் தெரிந்தது இன்னும் பத்துப் பேருக்குத் தெரியும், பத்துப் பேரும் "ஒன்றே ஒன்றுதானே" என்றுதான் வருவார்கள்.

விலங்கின் பக்கம் பார்த்தாலும் காட்டில் வளர்ந்தது வீட்டுக்கு ஒத்துவருவது கடினம். அசைகிற இரையை மட்டுமே உண்டு பழகியிருக்கும், ஒட்டுண்ணிகளோடு வரும், வெப்பம் கொஞ்சம் ஏறினாலே சோர்ந்துவிடும். சாலமாண்டர் இனங்களில் பாதிக்கு மேல் நுரையீரலே இல்லாத குடும்பத்தைச் சேர்ந்தவை. தோலாலும் வாயின் உட்புறத்தாலும்தான் மூச்சு. அவற்றுக்குக் குளிர்ச்சியும் ஈரமும் உயிர்ப் பிரச்சினை.

இத்தனைக்குப் பிறகும், பெருவாரியாக உள்ள இனத்தில், உரிமத்தோடு, நில உரிமையாளரின் சம்மதத்தோடு, வளர்க்கத் தெரிந்த ஒருவர் ஒன்றைப் பிடித்தால் அவரைக் குற்றவாளிபோலப் பார்க்க மாட்டேன். எதற்கு இந்த வழி என்றுதான் கேட்பேன், பக்கத்திலேயே இதைவிட நல்ல வழி இருக்கும்போது.

முட்டையும் லார்வாவும்

வளர்ந்ததை விட்டுவிட்டு முட்டையில் கொஞ்சம் எடுக்கலாம் என்பது கணக்குப்படி நல்ல யோசனை. குளத்தில் இடப்படும் நூறு முட்டையில் பெரியதாகி நிலத்துக்கு வருவது மிகச் சொற்பம். மீனும் பூச்சியும் தின்னும், குளம் காயும். அவற்றில் நாலைந்தை எடுப்பதால் அடுத்த தலைமுறை அநேகமாகக் குறையாது. முட்டையிலிருந்து வந்தது நம் உணவுக்கும் எளிதில் பழகும்.

இந்தக் கணக்கு குளத்தில் நிறைய முட்டையிடும் இனங்களுக்கு மட்டும். மரக்கட்டைக்கு அடியில் ஏழெட்டு முட்டையைக் காக்கும் இனத்திடம் இதைக் கொண்டுபோகக் கூடாது. சட்டமும் முட்டைக்குச் சலுகை தருவதில்லை. பாதுகாக்கப்பட்ட இனத்தின் முட்டையைத் தொட்டாலும், விலங்கைத் தொட்டதற்குச் சமம்தான் பெரும்பாலான நாடுகளில். காய்ந்துகொண்டிருக்கும் குட்டையிலிருந்து "காப்பாற்றி" எடுத்து வருகிறேன் என்பவர்களும் உண்டு. காய்ந்துபோகிற குட்டையில் மீன் இருக்காது, அதனால்தான் இந்த இனங்கள் அதைத் தேர்ந்தெடுக்கின்றன. சில வருடம் எல்லாமே காய்ந்து சாகும், ஒரு நல்ல வருடத்தில் ஈடுகட்டும். அதில் நாம் புகுந்து காப்பாற்ற அதிகம் இல்லை.

கடையில் கிடைக்கும் காட்டு விலங்கு

கடைக்காரர் சிரித்த முகத்தோடு தருகிறார், பையில் தண்ணீர் ஊற்றித் தருகிறார், நாம் காட்டில் கால்கூட வைக்கவில்லை. அதனால் தப்பு எதுவும் நடக்காததுபோல் இருக்கும். உண்மையில், நாமே பிடித்தால் ஒன்று. கடைக்கு வரும் ஒன்றுக்குப் பின்னால் வழியில் செத்தவை இருக்கின்றன, இது விற்றதால் நாளை பிடிக்கப்படப் போகிறவையும் இருக்கின்றன. அளவு எப்படி என்றால், 2001 முதல் 2009 வரை அமெரிக்காவுக்குள் மட்டும் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட சீன நெருப்பு வயிற்று நியூட்டுகள் இறக்குமதியாகின.

எண்ணிக்கையைவிடப் பெரிய ஆபத்து அவற்றின் தோலில் வந்தது. நெதர்லாந்தின் தெற்கே ஒரு சிறு காட்டுப் பகுதியில் நெருப்புச் சாலமாண்டர்கள் 2010-ஐ ஒட்டிய வருடங்களில் திடீரென்று சாகத் தொடங்கின. 2013-க்குள் நூற்றுக்கு நான்கு அளவே மிஞ்சின. காரணம், தோலை அரித்துத் தின்னும் ஒரு பூஞ்சை. பிசால் என்ற சுருக்கப் பெயரால் அழைக்கப்படும் அது 2013-இல்தான் அறிவியலுக்குத் தெரியவந்தது. கிழக்கு ஆசியாவின் நியூட்டுகள் பலவற்றுக்கு அது பழைய துணை, பெரிய தீங்கு இல்லாமல் உடன் வாழ்கின்றன. ஐரோப்பிய இனங்களுக்கு அதை எதிர்க்கத் தெரியவில்லை. செல்லப்பிராணி வணிகத்தோடு அது பயணம் செய்து வந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் முடிவு. பெல்ஜியம், ஜெர்மனி, ஸ்பெயின் என்று பிறகு பரவியது. அந்த டச்சுக் காட்டில் எஞ்சியவற்றில் சிலவற்றைப் பிடித்துப் பாதுகாப்பில் வைக்க வேண்டி வந்தது. காட்டிலிருந்து சாலமாண்டரைப் பிடிப்பது நல்ல காரியமாகிப்போன ஒரு சந்தர்ப்பம், அதையும் இந்த வணிகம்தான் உண்டாக்கியது.

அதன் பிறகு சட்டங்கள் வேகமாக வந்தன. அமெரிக்கா 2016-இல் 20 பேரினங்களைச் சேர்ந்த 201 இனங்களைக் கேடு விளைவிக்கும் விலங்குகள் என்று அறிவித்து இறக்குமதியைத் தடுத்தது. கனடா 2017-இல் அனுமதி இல்லாமல் எந்தச் சாலமாண்டரும் உள்ளே வரக் கூடாது என்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தனிமைப்படுத்தலையும் பரிசோதனையையும் கட்டாயமாக்கியது. அப்பலாச்சிய மலைகளில் இத்தனை இனங்கள் நெருக்கமாக வாழும்போது, அங்கே இந்தப் பூஞ்சை நுழைந்தால் என்ன ஆகும் என்ற பயம் நியாயமானதே.

வளர்ப்பில் பிறந்தவை

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான். வாழ்நாள் முழுக்க நீரிலேயே இருக்கும் ஆக்சோலாட்டல் என்ற சாலமாண்டர் இதற்கு நல்ல உதாரணம். மெக்சிகோவின் சோச்சிமில்கோ கால்வாய்களில் மிஞ்சியிருக்கும் வளர்ந்த ஆக்சோலாட்டல்கள் 50-இலிருந்து 1,000-க்குள் என்று மதிப்பிடுகிறார்கள். ஆனால் உலகெங்கும் தொட்டிகளில் எண்ணற்றவை இருக்கின்றன. அவற்றின் வம்சம் பெரும்பாலும் 1864-இல் பாரீசுக்கு வந்த 34 விலங்குகளிலிருந்து தொடங்குகிறது. இன்று ஒருவர் ஆக்சோலாட்டல் வாங்குவதால் சோச்சிமில்கோவில் ஒன்றும் குறைவதில்லை. இதிலும் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கலிபோர்னியாவில் ஆக்சோலாட்டல் வளர்ப்பதே தடை. அது தப்பித்தால் உள்ளூர் உறவினங்களோடு கலந்துவிடும் என்ற கவலை.

குறை இல்லாத வழியா என்றால் இல்லை. ஒவ்வொரு வளர்ப்பு வம்சத்துக்கும் முன்னால் யாரோ ஒருவர் காட்டில் பிடித்தது இருக்கிறது. ஒரு நாட்டின் சட்டத்தை மீறிக் கடத்தப்பட்டவற்றின் குட்டிகள், இன்னொரு நாட்டில் "வளர்ப்பில் பிறந்தவை" என்ற சுத்தமான பெயரோடு விற்கப்படுவதும் உண்டு. அரிய இனம் எதையாவது வாங்கும்போது, அதன் முன்னோர்கள் எப்போது, எந்தத் தாள்களோடு வெளியே வந்தார்கள் என்று கேட்க வேண்டும். பதில் சொல்லாதவரிடம் வாங்க வேண்டாம்.

"பண்ணையில் வளர்ந்தது" என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். காட்டில் பிடித்துப் பண்ணையில் கொஞ்ச காலம் வைத்திருந்ததற்கும் அதே பெயர் போடலாம். உண்மையிலேயே வளர்ப்பில் பிறந்தவை பெரும்பாலும் சிறியவையாக, இளம் வயதில் விற்பனைக்கு வரும். வளர்ப்பவரிடம் பெற்றோரின் படம் இருக்கும், எப்போது பொரிந்தன என்று சொல்லுவார், என்ன தின்கின்றன என்று அலுக்காமல் பேசுவார். ஒரே பருவத்தில் கூட்டமாக வந்து நிற்கும், மலிவான, மெலிந்த, முழு வளர்ச்சியடைந்த விலங்குகளைக் கண்டால் அவை காட்டிலிருந்து வந்தவை என்றே வைத்துக்கொள்ளலாம்.

பார்த்துவிட்டு வருவது

வளர்ப்பதில்தான் இன்பம் என்பவர்களை இது திருப்திப்படுத்தாது. ஆனால் சாலமாண்டர்மீது ஆசை என்றால் என்ன என்று கொஞ்சம் யோசித்தால், பலருக்கு அது தேடிக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. தொட்டியில் வைத்த சாலமாண்டர் முக்கால்வாசி நேரம் பாசிக்கு அடியில் ஒளிந்திருக்கும். பார்க்கக்கூடக் கிடைக்காது!

இதற்கும் ஒழுங்கு உண்டு. புரட்டிய கட்டையை இருந்தபடியே திரும்ப வைக்க வேண்டும். விலங்கை முதலில் நகர்த்திவிட்டு, கட்டையை வைத்து, அது தானாக உள்ளே போக விட வேண்டும். இல்லாவிட்டால் நசுங்கும். தொட வேண்டியிருந்தால் கை ஈரமாக, கிரீம், பூச்சி மருந்து எதுவும் இல்லாமல் இருக்கட்டும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள சொரசொரத் தோல் நியூட்டைத் தொட்டால் கழுவாமல் கையை வாய்க்குக் கொண்டுபோகக் கூடாது. அதன் விஷம் பலூன் மீனின் விஷமேதான். ஒன்றை விழுங்கிய ஒருவர் 1979-இல் ஒரேகானில் இறந்திருக்கிறார். ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குப் போகும்போது காலணியைக் கழுவி, ப்ளீச் கரைசல் போட்டு, நன்றாகக் காய வைக்க வேண்டும். நோயை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக விலங்கைத்தான் எடுத்துப்போக வேண்டும் என்பதில்லை.

படம் எடுத்தால் இடத்தைச் சொல்லாதீர்கள். லாவோஸில் ஒரு மருவுடல் நியூட்டை 2002-இல் ஆய்வாளர்கள் முதன்முறையாக விவரித்து எழுதினார்கள். அந்தக் கட்டுரையையே வழிகாட்டியாக வைத்து வியாபாரிகள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். விவரித்தவர்களில் ஒருவரே வேறு சில ஆய்வாளர்களோடு சேர்ந்து 2006-இல் "சயின்ஸ்" இதழில், ஓர் இனத்துக்குப் பெயர் வைப்பதே அதை ஆபத்தில் தள்ளலாம் என்று எச்சரித்து எழுத வேண்டியதாயிற்று. பார்த்த உயிரினங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையத் தளங்கள் அருகிவரும் இனங்களின் இருப்பிடத்தைத் தாமாகவே மங்கலாக்குகின்றன. ஆனால் படத்தில் தெரியும் பாலத்தையும் மைல்கல்லையும் அவை மறைக்காது.

கையில் எடுத்தே ஆக வேண்டும் என்ற ஆசைக்கும் ஒரு வடிகால் இருக்கிறது. வசந்தகால மழை இரவுகளில் குளத்துக்குப் போகும் சாலமாண்டர்கள் சாலையில் நசுங்கிச் சாகின்றன. பல ஊர்களில் தன்னார்வலர்கள் வாளியோடு நின்று, அவற்றை மறுபுறம் கொண்டுபோய் விடுகிறார்கள். இரவு முழுக்கச் சாலமாண்டர் எடுக்கலாம், ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை.

திரும்ப விடுவது

ஆசை தீர்ந்ததும் "அதன் வீட்டிலேயே விட்டுவிட்டேன்" என்று சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். இதனால் வந்த கேடு ஒன்றிரண்டு இல்லை. ஜெனீவாவைச் சுற்றிய பகுதியில் விடப்பட்ட இத்தாலியக் கொண்டை நியூட், அங்கே காலங்காலமாக இருந்த கொண்டை நியூட்டோடு கலந்து அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. கலிபோர்னியாவில் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில், தூண்டிலுக்கு இரையாக விற்பதற்காக டெக்சாஸிலிருந்து புலிச் சாலமாண்டர்களின் லார்வாக்களைக் கொண்டுவந்து குளங்களில் விட்டார்கள். இன்று சாலினாஸ் பள்ளத்தாக்கில் உள்ளூர்ப் புலிச் சாலமாண்டரின் கலப்பில்லாத வம்சத்தைத் தேட வேண்டியிருக்கிறது. நியூசிலாந்துக்குச் சாலமாண்டர் என்ற விலங்கே கிடையாது. அங்கே 2013-இல் காட்டில் ஆல்ப்ஸ் நியூட் கிடைத்து, அதை ஒழிக்க அரசு இறங்க வேண்டியிருந்தது.

பிடித்த அதே இடத்தில் விடுவதும் இதற்கு விதிவிலக்கு இல்லை. சில நிமிடம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு விட்டால் பிரச்சினையில்லை. சில மாதம் மற்ற விலங்குகள் இருக்கும் அறையில், அதே கரண்டியும் அதே தண்ணீரும் பட்டு இருந்த பிறகு விட்டால், என்ன நோயைச் சேர்த்து விடுகிறோம் என்று நமக்கே தெரியாது. ஆக்சோலாட்டலைக்கூடச் சோச்சிமில்கோவில் விட முடியாது. 1962-இல் ஆய்வகத்தில் புலிச் சாலமாண்டரோடு கலந்த பிறகு, வளர்ப்பு வம்சங்களில் பலவற்றில் அந்த இரத்தமும் ஓடுகிறது.

ஆக, பிடிப்பதா வாங்குவதா என்பதோடு சேர்த்தே இதையும் முடிவு செய்தாக வேண்டும்: என்னால் முடியாமல் போனால் யாரிடம் போகும்? நெருப்புச் சாலமாண்டர் வளர்ப்பில் 20 வருடத்தைத் தாண்டி வாழும். அதற்குள் வேலை மாறும், வீடு மாறும், கோடையில் அறையைக் குளிர வைக்க முடியாமல் போகும். இன்னொரு வளர்ப்பாளர், இருவாழ்விகள் சங்கம், ஏற்றுக்கொள்ளும் விலங்குக் காப்பகம் என்று ஒரு பெயராவது முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். விற்றவரே திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று வாங்கும் அன்றைக்கே கேளுங்கள். யாரும் ஏற்காத நிலையில், நோயுற்ற விலங்கு என்றால், கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் வலியில்லாமல் முடித்துவைப்பது கசப்பான வழிதான். அந்தக் கசப்பு ஒரு விலங்கோடு நிற்கிறது. குளத்தில் விட்டால் குளம் முழுவதற்கும் போகும்.